சூறாவளி கரை கடக்கும்போது காற்றின் திசையறிந்து கமத்தைக் காத்தல்

இலங்கையின் கிழக்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் கமஞ்செய்வோர்க்கு நவம்பர், டிசெம்பர் மாதங்கள் இருவகையில் முக்கியமானவை. பெரும்போக நெல் வயலில் இளம்பயிராய் நிற்பதும் அக்காலத்திலேதான். வங்காள விரிகுடாவில் தோன்றும் சூறாவளிகள் இத்தீவை நாடி வருவதும் பெரும்பாலும் அக்காலத்திலேதான். இலங்கை வட அகலக்கோடு ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. மத்தியகோட்டுக்கு அண்மையிலே, காற்றைச் சுழலச் செய்யும் புவிச்சுழற்சியின் விளைவு நலிந்திருத்தலால், அங்குச் சூறாவளிகள் தோன்றுதல் அரிது. தோன்றுவனவற்றுட் பலவும் வடமேற்காகத் திரும்பித் தமிழ்நாட்டுக் கரையையோ ஆந்திரக் கரையையோ அடைகின்றன. ஆகையால் ஒரு தலைமுறை கண்ட பெருஞ்சூறாவளியை அடுத்த தலைமுறை காணாதிருத்தல் கூடும். அனுபவம் ஊரில் மங்கிவிடுவதனால், காற்று வந்தபின் என்ன செய்வதென்று அறியாது மக்கள் மயங்குகின்றனர்.

வானொலி அறிவித்தல் சூறாவளியின் மையம் கடலில் எங்கே உள்ளதென்று கூறும். ஆயின் அம்மையம் தம் வயலுக்கு வடக்காற் செல்கின்றதா, தெற்காற் செல்கின்றதா, அன்றி நேரே மேலாற் செல்கின்றதா என்பதைக் கமக்காரர் தம் வயலில் வீசும் காற்றைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். அவ்வாறு அறியும் முறையும், அதற்கேற்பக் கமத்திற் செய்ய வேண்டியனவும் இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

1978 ஆம் ஆண்டுச் சூறாவளி

கிழக்கு மாகாணத்துக் கமக்காரர் இன்றும் காலக்குறிப்பாக எடுத்துப் பேசுவது 1978 நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியையே. வங்காள விரிகுடாவின் தென்பாகத்திலே தாழமுக்கமாகத் தோன்றிய அது, சில நாட்களுள் வலுப்பெற்று மேற்கு நோக்கி நகர்ந்து கரையேறியது. மட்டக்களப்பு, அம்பாறை, பொலனறுவை ஆகிய மாவட்டங்கள் பெருஞ்சேதமடைந்தன. 900 க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. 250,000 க்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். மலைகளைக் கொண்ட இத்தீவைக் குறுக்கே கடந்தும் அது முற்றாக அழிந்துவிடவில்லை. மன்னார்க் குடாவிற் புகுந்து, மறுநாளே தமிழ்நாட்டின் இராமநாதபுரக் கரையையும் அடைந்தது.

கமத்தொழிலுக்கு நேர்ந்த சேதத்தை மூன்று கணக்குகளால் அறியலாம். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்த ஏறத்தாழ 30,000 ஏக்கர் தென்னையில் 28,000 ஏக்கர் அழிந்தது. அம்மாவட்டத்து 11 நெற்களஞ்சியங்களுள் 9 பாழாயின. மின்சாரக் கம்பிகள் 130 மைல் நீளத்துக்குச் சேதமுற்றன. இவற்றுள் இரண்டாவது கணக்கையே யாம் முதன்மையாகக் கருதுகின்றோம். வயலில் நிற்கும் இளநெல்லைக் காற்று முழுவதும் அழித்துவிடுவதில்லை. களஞ்சியத்தின் கூரை போனாலோ, உணவுக்குரிய நெல்லும் அடுத்த சிறுபோகத்துக்குரிய விதைநெல்லும் ஓரிரவிலே நனைந்து முளைத்துவிடும்.

சூறாவளியின் அமைப்பு

கடலின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 27 பாகை சதமளவுக்கு மேற்பட்டிருக்குமிடத்து, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து முகிலாகின்றது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் எழச்செய்ய, அடியில் அமுக்கம் தாழ்கின்றது. தாழ்ந்த அவ்விடத்தை நாற்புறத்துக் காற்றும் நாடி ஓடும். புவிச்சுழற்சியினால் அவை நேரே மையத்தை அடையாது வளைந்து சுழலும். நம் பாகத்தில், அஃதாவது வட அரைக்கோளத்தில், அச்சுழற்சி எப்போதும் மணிக்கூட்டுக் கம்பிக்கு எதிர்த்திசையிலேயே அமையும். காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீற்றரை அடையுமாயின் அது சூறாவளி எனப் பெயர் பெறும். 118 கிலோமீற்றரைக் கடக்குமாயின் மிகக் கடுஞ்சூறாவளியாகும்.

வேகம் இருமடங்கானால் காற்றின் தாக்கமும் இருமடங்காகுமென்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. காற்று ஒரு சுவரை அல்லது மரத்தை அழுத்தும் வலு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றர்க் காற்று ஒரு கூரையை எவ்வளவு அழுத்துமோ, 120 கிலோமீற்றர்க் காற்று அதனை நான்கு மடங்கு அழுத்தும். 180 கிலோமீற்றர்க் காற்று ஒன்பது மடங்கு அழுத்தும். சென்ற ஆண்டுக் காற்றுக்குத் தாங்கிய கூரை இவ்வாண்டுக் காற்றுக்கும் தாங்குமென்று நம்பியிருத்தல் ஆகாது.

வலுப்பெற்ற சூறாவளியின் நடுவே காற்றோ மழையோ அதிகமின்றி அமைதியான வட்டம் ஒன்றுண்டு. இது கண் எனப்படும். கண்ணைச் சூழ்ந்த முகிற்சுவரிலேதான் காற்றின் கடுமை உச்சநிலையில் இருக்கும்.

காற்றின் வேகத்தை மாத்திரம் நோக்கிச் சூறாவளியை மதித்தலும் தவறாகும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளியின் காற்று 1978 இன் காற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் அது மெல்ல நகர்ந்து கொட்டிய மழையால் வெள்ளமும் மலைநாட்டில் மண்சரிவும் ஏற்பட்டு, 600 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெதுவாக நகரும் சூறாவளி காற்றாற் குறைந்ததாயினும் மழையாற் பெரியது என்பதைக் குளத்துக்குக் கீழே வயல் செய்வோர் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும்.

அறிவித்தலைப் படத்திற் குறித்தல்

1978 இலே கமக்காரருக்குக் கிடைத்த எச்சரிக்கை சொற்பமே. இக்காலத்திற் செய்மதிப் படங்களின் துணைகொண்டு வளிமண்டலவியல் திணைக்களம் சூறாவளியின் மையத்தை அகலக்கோடு, நெடுங்கோடு என்பவற்றாற் குறித்துச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை அறிவிக்கின்றது. அவ்வெண்களைக் கேட்டு மறந்துவிடாது தாளிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். பாடசாலை மாணவரின் தேசப்படமொன்று இதற்குப் போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளே இதனைச் செய்துவிடுவர்.

மட்டக்களப்பு வட அகலக்கோடு 7.7 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 81.7 பாகையிலும் உள்ளது. பொத்துவில் 6.9, 81.8, திருகோணமலை 8.6, 81.2, முல்லைத்தீவு 9.3, 80.8. நம் நாட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீற்றராகும். எடுத்துக்காட்டாக, காலை 6 மணிக்கு மையம் 7.6 வடக்கு, 83.5 கிழக்கு எனவும், நண்பகல் 12 மணிக்கு 7.6 வடக்கு, 82.9 கிழக்கு எனவும் அறிவிக்கப்பட்டதாகக் கொள்வோம். ஆறு மணித்தியாலத்தில் அது 0.6 பாகை, அஃதாவது 66 கிலோமீற்றர் நகர்ந்துள்ளது. மணிக்கு 11 கிலோமீற்றர். மட்டக்களப்புக் கரைக்கு எஞ்சியது 1.2 பாகை, அஃதாவது 132 கிலோமீற்றர். அதே வேகத்தில் நகருமாயின் மையம் நள்ளிரவிற் கரையை அடையும்.

நள்ளிரவு வரை காலமுண்டென்று இதனாற் கருதலாகாது. மையத்துக்குப் பல மணித்தியாலம் முன்னரே கடுங்காற்று வந்துவிடும். கூரையிலோ மரத்திலோ ஏறிச் செய்யும் வேலைகள் யாவும் மேலைக் கணக்கின்படி மாலை 3 மணிக்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். மேலும், படத்திற் கீறிய கோடு மையத்தின் பாதையே, சூறாவளியின் அகலமன்று. அப்பாதையும் இடையில் வளையக்கூடும். கோட்டுக்கு இருமருங்கும் 100 கிலோமீற்றர் வரையிலுள்ளோர் தம் ஊரையே மையம் தாக்குமெனக் கொண்டு ஆயத்தஞ் செய்தல் நன்று.

அமுக்கமானி உள்ள பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் மற்றொரு குறியைக் காணலாம். சில கைத்தொலைபேசிகளும் இக்காலத்தில் அமுக்கத்தை அளக்கின்றன. நம் நாட்டில் வளியமுக்கம் நாள்தோறும் கடல்நீர்போல ஏறியிறங்குவது. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உயர்ந்தும், காலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்ந்தும் நிற்கும். வேறுபாடு ஏறத்தாழ 3 மில்லிபார். காலை 7 மணி முதல் 10 மணி வரை ஏறவேண்டிய அமுக்கம் ஏறாது நிற்குமாயின் அல்லது தாழுமாயின், கடலிலே தாழமுக்கம் நெருங்குகின்றதென ஐயுறல் வேண்டும்.

காற்றுக்கு முதுகு காட்டி நிற்றல்

காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றதோ அத்திசைக்கு முதுகைக் காட்டி நிற்க. அப்போது சூறாவளியின் மையம் நிற்பவரின் இடக்கைப் பக்கத்தில், சற்றே முன்புறமாக அமைந்திருக்கும். எதிர்க்கடிகாரச் சுழற்சியின் விளைவே இது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையிற் காற்றுத் திசை மாறித் தோன்றுமாதலால், திறந்த வயல்வெளியிலோ குளக்கட்டிலோ நின்று பார்த்தல் நன்று. கடுங்காற்றுத் தொடங்குமுன்னரே இதனைச் செய்தல் வேண்டும். பின்னர் வீட்டினுள்ளிருந்து எந்தப் பக்கத்துச் சுவரிற் காற்று மோதுகின்றதென்று கவனித்தாற் போதும்.

மாரியில் நம் கிழக்குக் கரையில் இயல்பாக வீசுவது வடகீழ்க் காற்று. அது திரும்பி நேர் வடக்கிலிருந்தும், பின் வடமேற்கிலிருந்தும் வீசத் தொடங்குமாயின், கிழக்கே கடலிலே தாழமுக்கம் நெருங்குகின்றதென்பது பெறப்படும். கரையோர மீனவர் இதனை நன்கறிவர்.

அதன்பின் காற்று எப்பக்கம் திரும்புகின்றதென்பதே முக்கியமானது. மேற்கு நோக்கி நகரும் ஒரு சூறாவளி மட்டக்களப்பு நகரிலே கரையேறுகின்றதெனக் கொள்வோம். வடக்கே வாழைச்சேனையில் உள்ள கமக்காரர் முதலில் வடக்குக் காற்றையும், பின்னர் வடகீழ்க் காற்றையும், மையம் தமக்கு நேர் தெற்கே செல்லும்போது கிழக்குக் காற்றையும், ஈற்றில் தென்கீழ்க் காற்றையும் காண்பர். இது மணிக்கூட்டுக் கம்பி செல்லும் திசைத் திரும்பலாகும். தெற்கே கல்லாற்றில் உள்ளவருக்கோ வடக்குக் காற்று வடமேற்காகவும், மேற்காகவும், பின் தென்மேற்காகவும் மாறும். இது மணிக்கூட்டுக் கம்பிக்கு எதிரான திரும்பலாகும். இவ்விரண்டுமின்றி, காற்று வடக்கிலிருந்தே திசை மாறாது வரவர மிகுமாயின், மையம் நேரே தம்மை நோக்கி வருகின்றதென்று அறிதல் வேண்டும்.

இவற்றுள் வடபுறமே கூடிய ஆபத்துடையது. அங்குச் சுழற்காற்றின் வேகத்தோடு சூறாவளி நகரும் வேகமும் சேர்ந்துகொள்கின்றது. தென்புறத்தில் இது கழிபடும். அன்றியும் வடபுறத்திற் காற்றுக் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுதலால், கடல்நீர் மேடாய்த் திரண்டு கரைக்குள் ஏறும். தாழ்ந்த கரையில் இவ்வாறு ஏறும் கடல் காற்றினும் கொடியது. 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி, பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள தனுஷ்கோடியை 22 ஆந் திகதி இரவு தாக்கியபோது, எழுந்த கடல் புகைவண்டி ஒன்றை நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அழித்து, அந்நகரையும் பாழாக்கியது.

தென்புறத்துக் கரையோருக்குக் கடலேற்றம் குறைவாயினும் வாவியால் ஆபத்துண்டு. மேற்குக் காற்று வாவி நீரைப் படுவான்கரையிலிருந்து தள்ளி எழுவான்கரையிற் குவிக்கும். குளங்களின் வான் பாய்ந்து வரும் வெள்ளமும் அதனோடு சேருமாயின், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிடரிலுள்ள தோட்டங்களும் குடிமனைகளும் இருபுறமும் நீராற் சூழப்படும். ஆகவே எழுவான்கரையிலுள்ளோர் எந்தப் பக்கத்தில் மையம் செல்வதாயினும், அதிகாரிகள் வெளியேறுமாறு கூறியவுடன் மறுக்காது வெளியேறல் வேண்டும்.

இடையில் வரும் அமைதி

மையம் நேரே மேலாற் செல்லும் ஊர்களில் கடுங்காற்று ஒருகணத்தில் ஓய்ந்தாற்போல் அடங்கும். மழை விடும், சிலவேளை விண்மீன்களும் தோன்றும். இவ்வமைதி சில நிமிடமோ ஒரு மணித்தியாலத்துக்கு மேலோ நீடிக்கலாம். சூறாவளி போய்விட்டதென்று எண்ணி மக்கள் வெளியே வருவதும், ஆடுமாடு தேடுவதும், விழுந்த தேங்காயைப் பொறுக்குவதும், கூரையிலேறித் தகரம் அடிப்பதும் இவ்வேளையிலேதான். பின்னர், முன் வீசியதற்கு நேரெதிராகத் தெற்கிலிருந்து, முன்னறிவிப்பின்றி அதே கடுமையுடன் காற்று அறையும்.

இரண்டாங் காற்றுக்கு அழிவு கூடுதல் ஏன் என்பதைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். வேலிக்கம்பத்தைப் பிடுங்க விரும்புவோர் அதனை ஒருபக்கம் மாத்திரம் தள்ளுவதில்லை. முன்னும் பின்னும் ஆட்டுவர். வடக்குக் காற்றில் வேர் நெகிழ்ந்த தென்னையைத் தெற்குக் காற்று எளிதிற் சாய்க்கும். வடபுறத்துக் கட்டு அறுந்த கூரையைத் தென்புறத்திலிருந்து வரும் காற்றுத் தூக்கி எறியும்.

ஆதலால் ஆயத்தங்கள் யாவும் இரு காற்றுகளையும் எண்ணியே செய்யப்படல் வேண்டும். வடக்குக் காற்றுக்கு ஒதுக்காக ஒரு சுவரின் தென்புறத்திற் கட்டிய மாடு, இரண்டாங் காற்றில் வெட்டவெளியில் நிற்பதாகும். சுவர் விழுமாயின் அதன்மேலேயே விழும். களஞ்சியத்துக் கூரையை வடபுறம் மாத்திரம் கயிறிட்டுக் கட்டுதலும், வாழைக்குத் தென்புறம் மாத்திரம் முட்டுக்கொடுத்தலும் பாதிவேலையே. அமைதி நிலவும்போது காயப்பட்டோரை உள்ளே கொணர்தல், எதிர்ப்புறக் கதவு சாளரங்களை இறுக்குதல் ஆகிய இரண்டையும் தவிர வேறொன்றும் செய்தலாகாது. மையம் கடந்துவிட்டதென்பதற்கு உறுதியான குறி, காற்றுத் தெற்கிலிருந்து வீசிப் படிப்படியாகத் தணிதலும் அமுக்கம் உயர்தலுமேயாம்.

கரையேறுமுன் கமத்திற் செய்ய வேண்டியவை

காலம் ஒருநாளே உண்டெனின் முதலிற் காக்க வேண்டியது விதைநெல். நன்கு காய்ந்த விதைநெல்லைத் தடித்த பொலித்தீன் பையிலோ மூடியுள்ள பிளாத்திக்குப் பீப்பாயிலோ இறுக அடைத்து, கொங்கிறீற்றுக் கூரையுள்ள கட்டடத்தில் உயரத்தில் வைத்தல் வேண்டும். எல்லா விதையையும் ஓரிடத்தில் வையாது, ஒரு பங்கை வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்தல் இன்னும் நன்று. பசளையையும் பீடைகொல்லிகளையும் வெள்ளம் எட்டாத உயரத்துக்கு ஏற்றுக. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியிலிருந்து கழற்றி எடுத்துவிடுக.

மாடுகளைப் பட்டியில் அடைத்தோ கயிற்றிற் கட்டியோ விட்டுச் செல்லுதல் கூடாது. படுவான்கரையிலே மேயும் மந்தைகளை ஆற்றங்கரையிலிருந்தும் குளத்தின் கீழ்ப்புறத்திலிருந்தும் மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிட்டுக் கயிறின்றி விடுதல் வேண்டும். மாடு தன்னியல்பால் ஒதுக்கிடம் தேடும். வயற்காவலுக்கென வாடியிலோ பரணிலோ அவ்விரவு எவரும் தங்குதலாகாது. காவல் காக்குமளவுக்குப் பெறுமதியுள்ள பயிர் எதுவும் அவ்விரவில் இல்லை.

இளம்பயிராய் நிற்கும் நெல்லுக்குக் காற்றாற் பெருங்கேடில்லை, நீரால்தான் கேடு. வரம்புகளின் கடவைகளையும் வடிவாய்க்கால்களையும் முன்னரே திறந்து துப்புரவாக்கி வைத்தல் வேண்டும். பசளையிடும் தவணை அண்மித்திருப்பினும் யூரியாவை இடாது பிற்போடுக. இட்டால் வெள்ளத்தோடு போய்விடும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற பெருங்குளங்களின் கீழ் வயல் செய்வோர், வான்கதவு திறக்கப்படும் நேரத்தை முன்னரே கேட்டறிந்துகொள்க. கதிர் முற்றிய வயல் ஏதேனும் இருப்பின், நூற்றுக்கு எண்பது மணி பழுத்திருந்தாற் போதும், அறுத்துவிடலாம்.

குலை தள்ளாத வாழையின் இலைகளை, குருத்து இலை ஒன்றிரண்டைத் தவிர, வெட்டிவிட்டாற் காற்றுக்கு இடமின்றி மரம் தப்பிவிடும். இலை போவதைக் கண்டு மனம் பொறாதோர் பலர். தண்டு முறிந்தாலோ இலையும் இல்லை, மரமும் இல்லை. முற்றிய குலைகளை வெட்டி எடுத்துவிடுக. தென்னையில் முற்றிய தேங்காய்களைப் பறித்து, காய்ந்த ஓலைகளையும் பன்னாடைகளையும் அகற்றுக. வீட்டுக்கு அருகே சாய்ந்து நிற்கும் மரங்களின் கீழ் எவரும் படுத்துறங்கலாகாது.

காற்று ஓய்ந்தபின் வயலும் கிணறும்

முற்றாக நீரில் மூழ்கிய சாதாரண நெல்லினங்கள் ஒரு வாரத்துக்கு மேல் உயிர்வாழ்தல் அரிது. தேங்கிய கலங்கல் நீரில் இன்னும் விரைவிற் பயிர் அழுகும். ஆகையால் அயலவர் ஒன்றுகூடி வடிவாய்க்கால்களை வெட்டி விடுதலே முதல் வேலை. ஒருவர் தம் வயலை மட்டும் வடித்து அண்டை வயலை மூழ்கடிப்பதால் வழக்கு வளருமேயன்றி நெல் வளராது.

நீர் வடிந்ததும் பயிர் மஞ்சளித்து நிற்பதைக் கண்டு உடனே யூரியா இடுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். இது தீங்கு விளைவிக்கும். காற்றினாற் கிழிந்த இலைகளின் காயவழியே பற்றீரியா இலை வெளிறல் நோய் புகும். நைதரசன் மிகுந்தால் அந்நோய் மேலும் பரவும். புதிய இலைகள் தோன்றும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம் பொறுத்து, பின்னரே சிறு அளவாகப் பிரித்து இடுதல் வேண்டும். இடையிடையே பயிர் அழிந்த இடங்களில், அடர்த்தியாய் நிற்குமிடத்துப் பயிரைப் பிடுங்கி நடலாம். வயல் முழுவதும் அழிந்து, காலமும் நீரும் எஞ்சியிருப்பின், இரண்டரை மாத இனமான பிஜி 250 ஐயோ மூன்று மாத இனமான பிஜி 300 ஐயோ மீள விதைத்தல் பற்றி விவசாயப் போதனாசிரியரோடு ஆலோசிக்க. மீள உழுமுன்னர், சேதத்தைக் கமநல சேவை நிலையத்துக்கும் பயிர்க்காப்புறுதி அதிகாரிகளுக்கும் அறிவித்து, வயலின் நிலையை நிழற்படமெடுத்து வைத்தல் வேண்டும். உழுத வயலிற் சேதத்தை அளக்க எவராலும் இயலாது.

கடல்நீர் புகுந்த வயலில் உவர்நீர் தேங்க விடாது உடனே வடித்து, பின் மழைநீரைக் கட்டி, இரண்டு மூன்று நாள் நிறுத்தி மீண்டும் வடித்தல் வேண்டும். இவ்வாறு பலமுறை செய்யின் உப்புக் கழுவப்படும். மாரி மழை மிகுந்த காலத்திலே சூறாவளி வருதல் இவ்வொரு வகையில் நமக்கு நன்மையாகும். மீள விதைக்குமுன் மண்ணைச் சோதிப்பித்தல் அவசியம். நெல்லின் நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பைத் தாங்கமாட்டா.

கிணறுகளைப் பற்றி 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளின் பின் கிழக்குக் கரையிற் கற்ற பாடமொன்றுண்டு. உவராகிய கிணறுகளைச் சுத்தஞ்செய்யும் நோக்குடன் பலரும் இயந்திரத்தால் நீரை மீண்டும் மீண்டும் முற்றாக இறைத்தனர். மணற்றரையின் அடியிலே நன்னீர் பாரங்குறைந்ததாய் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும்; மேலேயுள்ள நன்னீரை இறைத்துவிட்டால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். ஆகவே குப்பையையும் சேற்றையும் அகற்றுமளவுக்கு ஒருமுறை மெதுவாக இறைத்து, தொற்றுநீக்கி, பின்னர் மழை நிலத்தை நிரப்பும்வரை விட்டுவிடுதலே தக்கது. அதுவரை குடிநீரை வேறிடத்திலிருந்து பெறுதல் வேண்டும்.

தென்னை

காற்றின்பின் நிற்கும் தென்னைகளுள் எது பிழைக்கும், எது மாளும் என்பதைக் குருத்தைக் கொண்டு அறியலாம். ஓலைகள் யாவும் முறிந்திருப்பினும், நடுக்குருத்து நிமிர்ந்து பசுமையாயிருப்பின் மரம் பிழைக்கும். குருத்துத் திருகி வாடி, இழுத்தவுடன் கையோடு வருமாயின் அம்மரத்தைத் தறித்துவிடலாம். பிழைத்த மரமும் உடனே காய்க்குமென்று எதிர்பார்த்தலாகாது. பாளை வெடித்தபின் தேங்காய் முற்ற ஏறத்தாழ பன்னிரண்டு மாதம் செல்லும். பாளையோ அதற்கு இரண்டாண்டுக்கு மேலாகக் குருத்தினுள்ளே உருவாகிக்கொண்டிருந்தது. ஆகையால் மரம் தன் பழைய பலனை அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அக்காலத்திற் காய்க்கவில்லையென வெறுத்து மரத்தைத் தறிக்காதிருத்தல் வேண்டும். அடிசாய்ந்த இளங்கன்றுகளை ஒரு வாரத்துக்குள் நிமிர்த்தி, இருபுறமும் முட்டுக்கொடுத்து, வேரடியில் மண் அணைத்தால் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

விழுந்த மரங்களைத் தோட்டத்தில் உக்க விடுதல் காற்று விட்டுச்சென்ற மரங்களையும் இழப்பதற்கு வழியாகும். உக்கும் தென்னந்தண்டிலே கருவண்டு முட்டையிட்டுப் பெருகும். சில மாதங்களில் வெளிப்படும் வண்டுகள் பிழைத்து நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். அத்துளைகளையும் காற்றினால் ஏற்பட்ட காயங்களையும் மணத்தால் நாடி வரும் செவ்வண்டு உள்ளே முட்டையிட, புழுக்கள் தண்டைக் குடைந்து மரத்தையே கொல்லும். ஆகவே முற்றிய தண்டுகளைப் பலகைக்கும் வளைக்கும் அரிந்தெடுத்து, எஞ்சியவற்றை எரித்தோ ஆழப் புதைத்தோ அகற்றுதல் வேண்டும், அடிக்கட்டைகளையும் விட்டுவைத்தலாகாது. நிற்கும் மரங்களின் காயங்களுக்குத் தார் பூசுக. தனியொரு தோட்டக்காரர் இதனைச் செய்து அயலவர் செய்யாவிடின் வண்டு வேலி தாண்டி வருமாதலால், ஊர் முழுவதும் ஒரே காலத்தில் இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

மீள நடுமிடத்து 26 அடி இடைவெளியில், மூன்றடி நீள அகல ஆழமுள்ள குழிகளை வெட்டி, தெரிந்தெடுத்த கன்றுகளை நடுக. பழைய வரிசைகளுக்கு நடுவே புதுவரிசைகளை அமைத்தால் அடிக்கட்டைகளைத் தோண்டும் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கன்று வளர்ந்து காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதுவரை வெயில் நன்கு படும் இடைநிலத்தில் மரவள்ளி, வாழை, நிலக்கடலை, கௌபி, பயறு ஆகியவற்றைச் செய்கைபண்ணலாம். கன்றைச் சுற்றி ஆறடி வட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, உரிமட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பிவைத்தால் மணற்றரையிலும் ஈரம் நிற்கும்.